திரும்ப அழைத்த வண்டியும் தீராத சார்ஜ் கோளாறும்

மோட்டார் சைக்கிள் இன்று நம் கடைகளுக்குக் கை கால் போன்றது. ஆர்டர் எடுக்க, வசூலுக்குப் போக, சில்லறைக் கடைக்குச் சரக்கு கொண்டு சேர்க்க எல்லாவற்றுக்கும் அதுதான். அது நடுவழியில் நின்றால் அன்றைய வியாபாரமும் நிற்கிறது. உதிரி பாக மொத்த வியாபாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையில், கவுண்டரில் அடிக்கடி கேட்கும் ஒரு புகாரைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு குறைக்காகக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைக்கிறது. டீலர் பணிமனையில் இலவசமாகப் பாகத்தை மாற்றித் தருகிறார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து பேட்டரி இறங்கிவிடுகிறது. போய்க் கேட்டால், "ரீகால் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பேட்டரியை மாற்றுங்கள்" என்கிறார்கள். அவர் நம் கடைக்கு வந்து புது பேட்டரி வாங்குகிறார். அதுவும் இறங்குகிறது. பிறகு ரெகுலேட்டர், அதன் பிறகு காயில் பிளேட் என்று செலவு நீள்கிறது. குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்ட கதைதான்.

திரும்ப அழைப்பதை நான் குறை சொல்லவில்லை. அது நேர்மையான காரியம். 2011-ல் அமெரிக்காவில் சுசுகி கம்பெனி ரெகுலேட்டர் குறைக்காக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2021 மே மாதம் ராயல் என்பீல்டு கம்பெனி இக்னிஷன் காயில் குறைக்காக, இந்தியா உட்பட 7 நாடுகளில் 2,36,966 வண்டிகளை அழைத்தது. குறையை மறைக்காமல் அழைத்த வரைக்கும் பாராட்ட வேண்டியதே. ஆனால் பாகத்தை மாற்றியதோடு வேலை முடிந்துவிட்டதா என்பதே என் கேள்வி.

எந்த வேலைக்காக வண்டியைக் கழற்றினாலும் ஒயரையும் கப்ளரையும் தொடாமல் முடிவதில்லை. கப்ளர் முழுவதும் உட்காராமல் இருக்கலாம். எர்த் போல்ட் சரியாக இறுகாமல் விட்டிருக்கலாம். மேக்னெட் மூடியை மாட்டும்போது காயில் ஒயர் நசுங்கியிருக்கலாம். லூஸான இடத்தில் சூடு ஏறிக் கப்ளர் உருகுகிறது, பிறகு ரெகுலேட்டரும் போகிறது. அன்றைக்கே இது தெரிவதில்லை. பேட்டரியில் இருக்கும் கரண்ட்டை வைத்து வண்டி சில நாள் ஓடிவிடுகிறது. அதனால்தான் டீலர் "எங்களிடம் இருந்து நன்றாகத்தானே போனது" என்று சொல்ல முடிகிறது.

அந்தக் காலத்து வண்டிகள் பல, பேட்டரி செத்தாலும் கிக்கர் அடித்து வீடு வந்து சேரும். இன்று நிலைமை வேறு. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரிகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் பெட்ரோல் பம்ப் முதற்கொண்டு கரண்ட்டில்தான் ஓடுகிறது. பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. சார்ஜ் நின்றால் வண்டி நிற்கும், அதுவும் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் நிற்கலாம். இது காசுக் கணக்கு மட்டுமல்ல, உயிர்க் கணக்கும்கூட.

இதற்குப் பரிகாரம் எளிது. நாம் மூட்டையை எடை போட்டுக் காட்டாமல் கொடுத்தால் யாராவது வாங்குவார்களா? அதுபோல வண்டியைக் கொடுக்கும்போது மீட்டர் வைத்துக் காட்டட்டும். இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.5 வோல்ட் அளவில் காட்டும். ரேஸ் கொடுத்தால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. இரண்டு நிமிட வேலை. வேலைக்கு முன்னும் பின்னும் பார்த்து ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்தால் டீலருக்கும் பாதுகாப்பு. ஏனெனில், எல்லாக் கோளாறும் பணிமனையில் வந்தவை அல்ல. பழைய பேட்டரியும், நாமே மாட்டிய கூடுதல் விளக்கும் ஹாரனும்கூடக் காரணமாக இருக்கலாம். எழுதி வைத்த கணக்கு இருந்தால் வழக்கே இல்லை.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிட வகை செய்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைத் தயாரித்தவரோடு, அதைப் பழுது பார்த்தவரையும் குறையான வேலைக்குப் பொறுப்பாக்குகிறது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த வண்டி வாங்கிய சிறு கடைக்காரரும் அச்சட்டப்படி நுகர்வோரே. 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் கையில் ஜாப் கார்டு வேண்டும். இலவச வேலைதானே என்று அதை வாங்காமல் வருபவர்களே அதிகம்.

கடைசியாக, உதிரி பாகம் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ரீகால் வேலை முடிந்து சில வாரத்தில் ரெகுலேட்டர் கேட்டு வருகிறவரிடம் உடனே டப்பாவை நீட்டாதீர்கள். "எப்போது வேலை செய்தார்கள், மீட்டர் வைத்துப் பார்த்தார்களா" என்று கேளுங்கள். முதலில் டீலரிடமே திருப்பி அனுப்புங்கள். வெளியில் வாங்கி மாட்டிவிட்டால், "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்று டீலர் கையைக் கழுவ அதுவே காரணமாகிவிடும். அன்றைய விற்பனை ஒன்று குறையும் என்பது உண்மைதான். ஆனால் பாகம் மாட்டியும் தீராத கோளாறுக்கு நம் சரக்குதான் கெட்ட பெயர் வாங்குகிறது. இன்று திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் நாளை நம்மைத் தேடி வருவார். நம் சங்கமும் ஊர் டீலர்களை அழைத்துப் பேசி, மீட்டர் கணக்கில்லாமல் எந்த ரீகால் வண்டியும் பணிமனையை விட்டு வெளியே வராதபடி ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.