மாத்திரை மட்டும் போதுமா?

மல்லாங்கிணறு வட்டாரத்தில் கரிசல் காட்டில் களையெடுத்து முதுகு வளைந்தவர்களும், அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் ஷிப்டு பார்த்து ஓய்ந்தவர்களும் மூட்டுவலி வந்தால் எங்கே போகிறார்கள்? மருந்துக் கடைக்குத்தான். "ஒரு செட்டு மாத்திரை குடுப்பா" என்கிறார்கள். பெயர் தெரியாத நாலு மாத்திரைகள் பொட்டலத்தில் வருகின்றன. வலி அடங்குகிறது, மறுநாள் கூலிக்குப் போக முடிகிறது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடு அது. அவர்களைக் குறை சொல்ல நாம் தயாரில்லை.

ஆனால் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைத்துவிட்டு இதையும் விழுங்கினால் ஆபத்து இரட்டிப்பு. பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரையும் ஏறும். இதை யார் சொல்வது? டாக்டர் அங்கே இல்லை. சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர்.

டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பை 1948-ம் வருஷத்து பார்மசி சட்டம் பதிவு பெற்ற மருந்தாளுநரிடம்தான் ஒப்படைத்தது. மருந்தைச் சாப்பிடும் விதத்தை நோயாளிக்கு விளக்குவதும் அவர் கடமை என்றன 2015-ம் வருஷத்து விதிகள். நடப்பது என்ன? சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. அதற்கு உரியவரைத்தான் பல கடைகளில் காணோம். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பையன் மீது நமக்குக் கோபமில்லை. அவனும் சொற்பச் சம்பளத்துக்கு நிற்பவன்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் குறைந்த விலையில் மருந்து விற்கத் திறக்கப்பட்டன. நல்லதுதான். ஆனால் ரத்த அழுத்தம் வலிக்காத நோய். நாலு நாள் சுகமாக இருந்தால் மாத்திரை மாடக்குழிக்குப் போய்விடுகிறது. பிறகு ஒருநாள் பக்கவாதம். படுத்தவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விட வேண்டும். இரண்டு கூலி போயிற்று.

இங்கிலாந்தில் 2021 அக்டோபரிலிருந்து, 40 வயது தாண்டியவர்களுக்கு மருந்துக் கடையிலேயே இலவசமாக ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், செலவு சர்க்காருடையது. முதல்வர் மருந்தகத்தில் இது ஏன் முடியாது? அழுத்தம் பார்க்கும் கருவி என்ன பிரமாத விலையா? மருந்தாளுநருக்கு வேண்டியது நிரந்தர வேலையும் பேச நேரமும். நூறு பேர் வரிசையில் நிற்கிற ஜன்னலில் ஒற்றை ஆளை உட்காரவைத்து "விளக்கிச் சொல்" என்றால் எப்படிச் சொல்வார்?

சங்கத் தோழர்கள் அடுத்த மனுவில் இதையும் சேர்க்கட்டும்: ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநர் இடம் காலியாக இருக்கக் கூடாது, கடைகளில் பதிவு பெற்றவர் நிற்கிறாரா என்று மருந்து ஆய்வாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அதுவரை, வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டைகளை, செட்டுப் பொட்டலம் உட்பட, ஒரே பையில் போட்டு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். ஜன்னலில் வைத்து, இதில் எதோடு எது சேராது என்று கேளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பதில் வாங்காமல் நகர வேண்டாம்.