சராசரிக் கணக்கில் நம் பிள்ளைகளைக் காணோம்



தோட்டத்தை விட்டு வந்து இறக்கக்கண்டியில் குடியிருக்கும் நாங்கள் எழுதுகிறோம். சுகாதாரத்தில் இலங்கையை ஐரோப்பாவோடு ஒப்பிடலாம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இலவச வைத்தியத்தையும், வீடு தேடி வரும் மருத்துவ மாதுவையும் நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் யார் வீட்டுப் பிள்ளையை அளந்தார்கள்?

2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17.3. நகரத்தில் 14.7. தோட்டத்தில் 31.7! அதே காலத்தில் தமிழ்நாட்டில் 27.1. பஞ்சத்துக்குப் பயந்து பாட்டன் பூட்டன் விட்டு வந்த மண்ணை விட, கொழுந்து பறித்து டொலர் தேடிக் கொடுத்த மண்ணில் நம் பிள்ளை குன்றிப் போகிறது. தோட்டத்தில் இருப்பவர்கள் சனத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேரும் இல்லை. அதனால் நம் 31.7 நாட்டின் 17.3க்குள் சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது.

ஐரோப்பாவோடு ஒப்பிடுகிறவர்கள் அங்கே நடந்ததையும் சொல்லட்டும். 2020இல் பெல்ஜியம், முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யப்படாமல் இறந்தவர்களையும், கொரோனா என்று சந்தேகம் இருந்தால் கணக்கில் சேர்த்தது. மரணப் பட்டியலில் அந்த நாடு மேலே போனது. அப்படி எண்ணாத நாடுகள் நல்ல பெயர் வாங்கின. எண்ணும் முறை வேறானால் ஒப்பீடு எதற்கு?

எங்கள் கதை இன்னும் மோசம். 20 ஏக்கருக்குக் குறையாத நிலமும், அங்கேயே குடியிருக்கும் 10 தொழிலாளராவதும் இருந்தால்தான் புள்ளிவிபரத் திணைக்களத்துக்கு அது 'தோட்டம்'. 77, 83 கலவரங்களில் லயத்தை விட்டு ஓடி வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே 'கிராமம்' என்ற பெட்டிக்குள் போய்விட்டார்கள். அந்தப் பெட்டியில்கூட வெகுகாலம் இடமில்லை. 1987, 1993, 2000 ஆய்வுகள் வடக்கு கிழக்கை விட்டுவிட்டே எடுக்கப்பட்டன. 2016இல்தான் தீவு முழுவதையும் எண்ணினார்கள்.

அடுத்த ஆய்வில் மலையகத் தமிழர், தோட்டத்தில் இருந்தாலும் கடற்கரையில் இருந்தாலும், தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரிகள் முழுதாகச் சுகாதார அமைச்சின் கைக்கு வர வேண்டும். இதைச் சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும்.

வெறுங்கையோடு கேட்க வேண்டாம். கிளினிக் கொப்பியில் பிள்ளையின் நிறையும் உயரமும் எழுதியிருக்கும். பெயர் வேண்டாம், வயதையும் அந்த இரண்டு இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் தலைவியிடம் கொடுங்கள். இறக்கக்கண்டியில் நாங்கள் எழுதத் தொடங்கிவிட்டோம்.