ஆவாரங்குச்சியும் எஃகும்



மழை ஓய்ந்த தெளிந்த நாளில் நம் சேர்வராயன் மலையின் விளிம்பில் நின்று, சேலம் நகருக்கு அப்பால் நோக்குங்கள், கஞ்சமலை தென்படும். அதன் இரும்புக் கனியத்திலிருந்து நம் முன்னோர் உலகம் வியந்த எஃகைச் செய்தனர்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய சோசையா மார்ஷல் ஹீத் அம்முறையைக் கண்டு எழுதிவைத்தார். ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதிய சிறு மண் உலையில் இரும்பைப் பிரித்தெடுப்பர். அதைத் துண்டாக்கி, நறுக்கிய ஆவாரங்குச்சிகளுடன் களிமண் மூசையில் இட்டு, பச்சை எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் பூசி நெருப்பில் வைப்பர். செடியின் கரி இரும்பிற் கலந்து எஃகாகும். வேதியியல் பயிலாத அக்கொல்லர்கள் தம் காட்டையும் மண்ணையும் நன்கு பயின்றிருந்தனர்.

ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை நிறுவினார். விறகுக்கரித் தட்டுப்பாடு முதலிய இடர்களால் அது அந்நூற்றாண்டிலேயே மூடப்பட்டது. மலிவான சீமை இரும்பு வந்திறங்கவே, நம் சிற்றுலைகளும் ஒவ்வொன்றாய் அணைந்தன. 1980-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலை கஞ்சமலை அடிவாரத்தில் துருப்பிடியா எஃகு செய்கிறது; ஆயினும் அம்மலையின் கனியம் அதற்கு மூலப்பொருளன்று.

சீமை இரும்பை மட்டும் குறை கூறி அமைதலாமா? நம் கொல்லரின் கலையை ஓர் அந்நியர் எழுதவேண்டி வந்தது ஏன்? ஏடு அறிந்தோர் உலையருகே செல்லவில்லை. உலை அறிந்தோர் ஏட்டைத் தொட விடப்படவில்லை. எஃகை ஈன்ற நம் பண்பாடே, கையையும் ஏட்டையும் பிரித்து அதனைக் காக்கவும் தவறியது.

நாசரேத்திலோ இவ்விரண்டும் இணைந்திருந்தன. மக்கள் தச்சர் என்றழைத்த நம் ஆண்டவரே செபக்கூடத்தில் எழுந்து, எசாயாவின் ஏட்டுச்சுருளை வாசித்தார். தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தியதும், உழைக்கும் கைகளின் மாண்பை உலகுக்கு உணர்த்தவே.

பெற்றோரே, காப்பிப் பழத்தின் பதம் அறிந்தவரும், மிளகுக்கொடி ஏற்றத் தெரிந்தவரும், உளியும் கரணையும் பிடிப்பவரும் உங்கள் இல்லங்களில் உள்ளனர். கல்லூரியில் பயிலும் மகனும் மகளும் விடுமுறையில் அவர்களருகே அமர்ந்து, கேட்டு, எழுதட்டும். தந்தையின் தொழிலைச் சொல்ல நாணும் பிள்ளைக்கு அத்தொழிலின் நுட்பத்தை விளக்குங்கள், நாணம் அகலும். அணைந்த உலையை மீண்டும் மூட்டுவது அரிது. எரியும் விளக்கைக் காப்பது நம்மால் இயலும்.

இறைவன் உங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதிப்பாராக!