பதினைந்து கையெழுத்து

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் போதெல்லாம் நம்மவரிடையே ஒரு பேச்சு எழுகிறது. இன்ன இடைநிலைப்பள்ளி நல்ல பள்ளி, இன்ன பள்ளி உதவாத பள்ளி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சாலாக் செலாத்தான் வட்டாரத்திலும் இதே பேச்சுத்தான். இந்தத் தீர்ப்பு எந்தக் கணக்கின் மேல் நிற்கிறது என்பதைத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் சற்று நின்று யோசிக்க வேண்டும் என விரும்புகிறோம்.

பால்மரம் வெட்டுபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. முப்பது வயதான கிழட்டு மரக் காட்டையும், புதிதாக வெட்டுக்கு வந்த ஒட்டுமரக் காட்டையும் பக்கத்தில் வைத்து, "இவன் குறைவாகப் பால் கொண்டுவந்தான், அவன் அதிகம் கொண்டுவந்தான்" என்று துரை சொன்னால் நாம் ஒப்புவோமா? மரம் என்ன, மண் என்ன, மழை எத்தனை நாள் என்று கேட்க மாட்டோமா? தொழிற்சங்கம் தோன்றியதே இப்படிக் கேட்பதற்காகத்தான். அதே கேள்வியைப் பள்ளிக்கூடக் கணக்கிலும் கேட்க வேண்டும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் யார்? எங்கிருந்து வந்தவர்?

சாலாக் செலாத்தான் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமும் ரப்பர்க் காடும் சூழ்ந்த இடம். அவசரகாலத்தில் அங்கே சீனர் புதுக்கிராமம் எழுந்தது. பின்னர் கோலாலம்பூர் பெருகித் தெற்கே வந்தது. அருகிலுள்ள புக்கிட் ஜாலில் தோட்ட நிலத்தில் 1998இல் காமன்வெல்த் விளையாட்டுக்காக அரங்கம் எழும்பியது. தோட்டம் போனாலும் தமிழ்ப்பள்ளி மட்டும் இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. லயத்தில் ஒரே வரிசையில் வாழ்ந்த குடும்பங்கள் பல திசையிலுள்ள அடுக்குமாடிகளுக்குச் சிதறின. ஆகவே இந்த வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். தேசியப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும், சீனப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் ஒரே பாடநூலைத் திறக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் கடந்துவந்த பாதை ஒன்றல்ல. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆறாண்டு கணக்கையும் அறிவியலையும் தாய்மொழியில் கற்றவன். படிவம் ஒன்றில் எல்லாமே தேசிய மொழிக்கு மாறுகிறது. அம்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுத்தான் படிவம் ஒன்றுக்குப் போக முடியும். தோழர்கள் பதினேழு வயதில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை அவன் பதினெட்டில் எழுதுகிறான். வீட்டில் வருமானம் போதாத குடும்பத்தில் அந்த ஓராண்டுதான் பையனை வேலைக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

இனி முடிவுத் தாளைப் பார்ப்போம். பெரட்டில் நின்றவர்களின் பாலை மட்டும் நிறுத்துவிட்டு, வராதவனை விட்டுவிட்டால், செக்ரோல் எழுதும் கிராணி சராசரியை உயர்த்திக் காட்டிவிடலாம். எஸ்.பி.எம். விழுக்காடும் அப்படித்தான். தேர்வு எழுதியவர்களைக் கொண்டே அது கணக்கிடப்படுகிறது. படிவம் ஒன்றில் சேர்ந்து மூன்றிலோ நான்கிலோ நின்றுவிட்ட பிள்ளை அதில் இல்லை. மேலும், எத்தனை பாடத்தில் தேறினாலும் மலாய் மொழியில் தோற்றால் சான்றிதழ் கிடையாது. 2013 முதல் வரலாற்றுக்கும் இதே விதி. ஆகவே, நம் பிள்ளைக்கு முதற்கண் உதவி வேண்டிய பாடம் எது என்பதில் ஐயமில்லை.

முன்பு இடையிலே எச்சரிக்கை மணி இருந்தது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டன. பிஞ்சுகளைத் தேர்வுப் பயத்திலிருந்து விடுவித்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் இன்று பெற்றோர் கைக்கு வரும் முதல் பொதுத் தேர்வு முடிவே எஸ்.பி.எம். தான். அதற்குள் காலம் கடந்துவிடும். இடையில் பள்ளி நடத்தும் மதிப்பீட்டைப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் பொறுப்பாகிவிட்டது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. இது பிச்சையல்ல, உரிமை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் பாடங்களாக உள்ளன. ஆனால் பதினைந்து என்ற எண்ணிக்கை, குடும்பங்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில் எளிதில் சேர்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. கேளாத உரிமை பெட்டியில் பூட்டிய காசு.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்றது. பத்துப் பேரைக் கணக்குக் காட்டி அன்று நம் முன்னோர் பள்ளி பெற்றனர். 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது பள்ளியும் பிள்ளையும் குறைந்தன. எண்ணிக்கை சேர்ந்தால்தான் பள்ளி நிலைக்கும், தமிழ் வகுப்பும் திறக்கும்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது மூன்று. முதலாவது, தோட்டத்தில் எஞ்சியிருப்போரும் பட்டணத்துக்குப் பெயர்ந்தோரும், தம் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். "படிவம் ஒன்றில் எத்தனை பேர் சேர்ந்தனர், ஐந்தில் எத்தனை பேர் தேர்வு எழுதினர்?" என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணும் பள்ளியைப் பற்றி விழுக்காட்டைவிட அதிகம் சொல்லும். இரண்டாவது, மனு எழுதத் தெரிந்த கிராணிமார்கள் பதினைந்து பெற்றோரின் கையெழுத்தைச் சேர்த்து முதல்வரிடம் கொடுக்க முன்வாருங்கள். மூன்றாவது, புகுமுக வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு மாலையில் மலாய் மொழி சொல்லித்தர, படித்த இளைஞர்கள் ஓரிரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆரம்பக் கல்வி 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025இல் மக்களவை ஏற்றது. சட்டம் பிள்ளையை வகுப்பு வாசல் வரை கொண்டுவரும். அங்கே அவன் நிலைத்துப் படிப்பதற்கு ஆள் நாம்தான். சம்பளத்துக்காகக் கூட்டாகக் கையெழுத்திட்ட கை, பிள்ளையின் படிப்புக்காக ஒரு முறை பேனா எடுக்கக் கூடாதா?