சுண்ணாம்புக் குகைக்குப் போகும் வழி

அந்தமானுக்குக் குடும்பத்துடன் சென்று திரும்பியவர்கள் எழுதும் பயணக்கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. முதலில் செல்லுலர் சிறை. அங்கே கண் கலங்க வேண்டும். அடுத்து ராதாநகர் கடற்கரை. அங்கே சொல்லிழந்து நிற்க வேண்டும். மூன்றாவதாகப் பாரட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும். அங்கே இயற்கையின் பேராற்றலைப் பற்றி ஒரு பத்தி எழுதியாக வேண்டும். இந்த மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில், 'வழியில் ஜாரவா பழங்குடிகளைப் பார்த்தோம்' என்றோ, 'எங்களுக்கு அதிர்ஷ்டமில்லை, ஒருவரும் தென்படவில்லை' என்றோ போகிற போக்கில் ஒரு வரி வரும். என் சண்டை அந்த ஒற்றை வரியோடுதான்.

சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களுக்கு அந்தமான் இன்று எட்டாத தொலைவு அல்ல. கோழிப்பண்ணை, லாரித் தொழில், ஜவ்வரிசி ஆலை, அரசுப் பணி என்று ஏதோ ஒன்றில் நிலைபெற்ற குடும்பம், பள்ளி விடுமுறையில் சென்னை சென்று விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். போர்ட் பிளேரில் இறங்கிவிடலாம். 2024இல் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நானும் என் குடும்பத்துடன் அப்படிப் போனவன்தான். ஆகவே இதை மேட்டில் நின்றுகொண்டு எழுதவில்லை.

பாரட்டாங்குக்குச் செல்லும் வண்டிகள் விடியலிலேயே ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கின்றன. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் துறைவரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், காவல்துறையின் பாதுகாப்புடன் வண்டிகள் தொடராகவே செல்ல வேண்டும். நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது, உணவு எதுவும் கொடுக்கக் கூடாது. காரணம், சாலை ஜாரவாக்களின் காப்புக்காட்டை ஊடுருவிச் செல்கிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட காடு அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 380 பேர்.

எங்கள் வண்டியில் யாரும் விதிகளை மீறவில்லை. ஆனால் எல்லோருடைய கண்களும் மரங்களுக்கிடையே துழாவிக்கொண்டிருந்தன. ஏழு வயது மகள் கேட்டாள்: "அவங்க எப்பப்பா வருவாங்க?" வண்டலூரில் புலிக்கூண்டின் முன் நின்று அவள் கேட்ட அதே குரல். யாரும் வரவில்லை. வண்டிக்குள் ஓர் ஏமாற்றப் பெருமூச்சு எழுந்தது. அதில் என்னுடையதும் கலந்திருந்தது.

குகையைப் பழிக்க நான் வரவில்லை. சதுப்புநிலக் காட்டின் ஓடைவழியே படகில் சென்று, சற்றுத் தொலைவு நடந்து அதை அடைகிறோம். கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து, சொட்டுச் சொட்டாகப் படியவைத்து, கூரையிலிருந்து விழுதுகளை இறக்கியிருக்கிறது. சேற்று எரிமலையில் நெருப்பு இல்லை; மண்ணுக்கடியில் மக்கும் உயிர்ப்பொருட்களின் வாயு சேற்றை மேலே தள்ளுகிறது. சங்ககிரியில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லையும், சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளில் மேக்னசைட்டையும் வெட்டிப் பழகியவர்கள் நாம். கல் தானே உருக்கொள்வதை நின்று வியப்பது நமக்கு நல்லதுதான். ஆனால் அந்த வியப்புக்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

அந்த விலை ஊகம் அல்ல. 1997 இறுதியில்தான் ஜாரவாக்கள் தாமாகக் குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கினர். 1999இல் தட்டம்மை அவர்களிடையே பரவியது. 2002 மே மாதத்தில் அந்தச் சாலையைக் காப்புக்காட்டுப் பகுதியில் மூடும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது, சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில், உணவுக்காக ஜாரவா பெண்களை ஆடவைக்கும் காட்சி ஓர் ஆங்கிலேய நாளிதழின் வழியே உலகெங்கும் பரவியது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளை அச்சாலையில் இடைக்காலமாகத் தடுத்தது. சில வாரங்களிலேயே தடை விலகியது. வண்டித் தொடர் இன்றும் போகிறது.

இதற்கு வழக்கமாக மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, 'வட, மத்திய அந்தமானில் வாழும் மக்களுக்கு அந்தச் சாலைதானே உயிர்நாடி?' அங்கே குடியமர்த்தப்பட்ட வங்க அகதிகளையும், பிழைக்கச் சென்ற நம் தமிழர்களையும் நான் மறக்கவில்லை. நோயாளியை ஏற்றிவரும் வண்டியும், குகை பார்க்கப் போகும் என் வண்டியும் ஒன்றல்ல. அவர்களுடைய தேவைக்குப் பின்னால் நம்முடைய பொழுதுபோக்கை ஒளித்துவைப்பது நேர்மையல்ல.

இரண்டாவது, 'அவர்களை அருங்காட்சியகப் பொருளாகவே வைத்திருக்க வேண்டுமா?' இதைக் கேட்பவர்கள்தாம் கண்ணாடிச் சன்னலுக்குள் அமர்ந்து அவர்களைப் பார்க்கிறார்கள். வெளியுலகோடு எவ்வளவு உறவு, எந்த வேகத்தில் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் ஜாரவாக்கள். 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், 2011 கணக்கெடுப்பில் 44 பேர். அவர்களுள் போவா என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தபோது 'அக்கா-போ' என்ற மொழியும் அவரோடு போயிற்று. கலந்துவிடுதல் என்ற சொல்லைச் சொல்லுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

மூன்றாவது, 'நான் ஒருவன் போகாவிட்டால் என்ன ஆகிவிடும்?' ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஆனால் வண்டித் தொடர் என்பது இப்படி நினைக்கும் ஒவ்வொருவரும் சேர்ந்ததுதான்.

இலக்கிய வாசகர்களிடம் இதைச் சொல்லக் காரணம் உண்டு. நமக்கு ஒரு பயண இலக்கிய மரபு இருக்கிறது. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியைத் தொடர்ந்து சென்று எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யில் கரையோர மனிதர்கள் பேசுகிறார்கள். ஆற்றைப் போலவே அவர்களும் நூலுக்கு உரியவர்கள். நம் அந்தமான் கட்டுரைகளில் ஜாரவாக்கள் தென்படுகிறார்கள், அல்லது தென்படாமல் போகிறார்கள். மானுக்கும் மயிலுக்கும் நாம் பயன்படுத்தும் வினைச்சொல் அது.

இந்தக் கண் அந்தமானில் நமக்குப் புதிதாக வாய்த்ததும் அல்ல. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டையூசி வளைவுகள் ஏறுகிறோம். ஆகாய கங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில், வல்வில் ஓரி, மிளகு, பலாப்பழம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் நம் கட்டுரைகளில் பலாப்பழம் விற்பவர்களாக மட்டுமே வருகிறார்கள். அவர்கள் சாமையும் தினையும் விதைத்த நிலங்களில் பெரும்பகுதி, கீழேயுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு மாறியது. அம்மலையின் பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியது. சமவெளியின் கை மலைமேல் செய்தது இவ்வளவு. சமவெளியின் பேனா எழுதியது அருவியை மட்டும்.

அந்தமானுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சிறையைப் பாருங்கள், கடலைப் பாருங்கள், பவளப்பாறைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாரட்டாங் நாளை மட்டும் அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள். ஏன் என்று கேட்கும் முகவரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். ஏற்கெனவே போய்வந்தவர்கள் கட்டுரை எழுதுவதானால், 'அதிர்ஷ்டமில்லை' என்ற அந்த வரியை எடுத்துவிட்டு, யாருடைய காட்டின் வழியே குகைக்குப் போனோம் என்பதை எழுதுங்கள்.

என் மகளின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் சொன்னேன்: "அவங்க வரணும்னு நாம காத்திருந்ததே தப்பும்மா. அது அவங்க வீடு." அப்படியானால் நாம் ஏன் போனோம் என்று உடனே கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதியிருக்கிறேன்.