அடுப்புக்கு இரண்டு நாள் ஓய்வு

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடியதும் குழந்தை குட்டிகளோடு எங்கேனும் இரண்டு நாள் போய்வர வேண்டுமென்ற ஆசை நமது ஜனங்களுக்குப் புதிதன்று. இப்பொழுது புதிதாயிருப்பது போகுமிடந்தான். மலையையும் அருவியையும் விட்டுவிட்டு, பட்டணத்து நடுவிலுள்ள ஒரு நல்ல ஹோட்டலில் அறை எடுத்து, வயிறார உண்டு, உறங்கித் திரும்பும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் பரவி வருகிறது. வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சென்னைக்கு வருவோர் இருக்கட்டும்; மயிலாப்பூர்க் குடும்பமொன்று தேனாம்பேட்டை ஹோட்டலில் போய்த் தங்குவதும் நடக்கிறது.

இதைக் கண்டு பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள். ஸ்வாமி தரிசனமா, கடலா, காடா, ஒன்றுமில்லை. சொந்த வீட்டுக்கு நாலு மைல் தூரத்தில், சோற்றுக்காகவா ஒரு பயணம் என்று கேட்கிறார்கள். ஆம், சோற்றுக்காகத்தான் என்பது நமது விடை. ஆனால் எந்தச் சோறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வீட்டுத் தலைவி தன் கையால் சமைக்காத சோறு.

மத்திய ஸர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2024-ஆம் வருஷத்தில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் ஸ்திரீகள் நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள்; ஆடவர்கள் செலவிடுவது 88 நிமிஷம். 2019-ஆம் வருஷத்துக் கணக்கில் இவை முறையே 299, 97. ஐந்து வருஷத்தில் ஸ்திரீகளுக்கு 10 நிமிஷம் மிச்சமாயிற்றே என்று மகிழலாமென்றால், ஆடவர்களும் தங்கள் பங்கில் 9 நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டு விட்டார்கள்! காஸ் அடுப்பு வந்தது. கிரைண்டரும் மிக்ஸியும் வந்தன. அம்மியும் உரலும் கொல்லைப்புறம் போய்ச் சேர்ந்தன. ஆயினும், ராத்திரிக்கு என்ன பலகாரம் என்ற கேள்வி மட்டும் இன்றளவும் ஒருத்தியின் முகத்தை நோக்கியே கேட்கப்படுகிறது. கச்சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு. அடுப்புக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம்.

விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போகலாமே என்பர் சிலர். போகலாம், ஆனால் போன வீட்டில் ஆண்கள் திண்ணையிலோ ஊஞ்சலிலோ அமர்ந்துகொள்ள, அவள் இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு மற்றோர் அடுப்படியில் நுழைகிறாள். அதற்குப் பெயர் ஓய்வன்று; வேலையில் இடமாற்றம். ஸ்தல யாத்திரையிலோ, புளியோதரையும் இட்டிலி மிளகாய்ப்பொடியும் கட்டுவதற்காக முதல் நாள் இரவே அவளுக்கு உறக்கம் போய்விடுகிறது. மலைவாசஸ்தலங்களின் கதி யாவரும் அறிந்ததே. 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகள் இ-பாஸ் பெற்றே ஏறவேண்டுமென்று சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது. 2025-ஆம் வருஷக் கோடையில், உதகைக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டிகளுக்கும் வார இறுதியில் 8,000 வண்டிகளுக்கும் மேல் விடலாகாதென்று வரம்பும் கட்டப்பட்டது. குளிர்ந்த காற்றுக்காகப் போய், கொண்டை ஊசி வளைவுகளில் மோட்டார்ப் புகையைச் சுவாசித்து நிற்பதைக் காட்டிலும், பட்டணத்தில் ஓர் அறைக்குள் நிம்மதியாக இருப்பது மேலென்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் அதில் என்ன குற்றம்?

ஹோட்டலில் உண்பதே இழுக்கென்று கருதிய காலமும் இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து குமாஸ்தா வேலை பார்த்த தனியாட்களுக்காக ஏற்பட்டவையே நமது பழைய காபி கிளப்புகள். குடும்ப ஸ்திரீகள் அவற்றின் வாயிற்படி ஏறமாட்டார்கள். ஏறினாலும் தட்டி மறைத்த தனியிடந்தான். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கே. கிருஷ்ண ராவ் 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கி, சைவ உணவும் தங்குமிடமும் ஒருங்கே கிடைக்கச் செய்தது, குடும்பத்தோடு வருவோருக்கு ஒரு புதிய வாசலைத் திறந்தது. எல்லோருக்குமா என்றால், அன்று இல்லை. ஜாதிக்கொரு பந்தி என்ற கொடுமை நமது ஹோட்டல்களில் வெகுகாலம் நிலவியது. கடை, பொதுப் போஜனசாலை, ஹோட்டல் ஆகியவற்றில் ஜாதி, மதம், பால், பிறப்பிடம் காரணமாக எந்தப் பிரஜையையும் தடுக்கலாகாதென்று 1950 ஜனவரி 26-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் ஷரத்து பெயர் சொல்லியே விதித்தது. வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் நுழையவிடாத கிளப் விதிகளைத் தடுக்க நமது சட்டசபை 2014-இல் ஒரு தனிச் சட்டமே செய்யவேண்டி வந்ததென்பதையும் மறக்கலாகாது. ஆகவே இன்று ஒரு தாத்தா வேட்டியும் துண்டுமாய் ஹோட்டல் மண்டபத்துச் சோபாவில் அமர்ந்து பேரனுக்கு மீன்தொட்டியைக் காட்டிக்கொண்டிருப்பதில், பார்வைக்குத் தெரியாத சரித்திரம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரருக்காக ஏற்பட்ட சென்னைப் பெரிய ஹோட்டல்களில் நமது சமையல் வெகுநாள் ஒதுங்கியே நின்றது. கன்னிமாரா என்ற பெயரே ஒரு பழைய கவர்னருடையது. 1989-இல் ‘தட்சிண்’ என்ற போஜனசாலை தென்னாட்டுச் சமையலுக்கென்றே சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் தோன்றியது பெரிய மாறுதல். கன்னிமாராவிலேயே இன்று செட்டிநாட்டுச் சமையலுக்கென ஒரு தனிச் சாலை இருக்கிறது. இவை நமக்கு மகிழ்ச்சி தருவன. ஆயினும் காலைப் பலகாரத்துக்கான பஃபே மேஜைகளில் நாம் காண்பது வேறு. ரொட்டியில் பத்து வகை, பழரஸத்தில் ஆறு வகை; மூலையில் ஒரு மூடிய பாத்திரத்துக்குள் இட்டிலி வெந்நீராவியில் நனைந்து குழைந்து கிடக்கிறது. எந்தத் தேசத்தாருக்கும் காரமாயிருந்துவிடக் கூடாதென்ற அச்சத்தில் வைத்த சாம்பார், எந்தத் தேசத்தாருக்கும் ருசிப்பதில்லை. காஞ்சீபுரத்துக்கு ஒன்றரை மணி நேரத் தூரத்திலிருந்துகொண்டு ஒரு காஞ்சீபுரம் இட்டிலியை வார்த்துப் போட முடியாதா? நல்ல டிகிரி காப்பி கேட்டால் இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். தெருமுனைக் கடைக்காரன் பித்தளை பில்டரில் இறக்கித் தருவதை ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள் தர இயலவில்லையென்றால், நட்சத்திரங்களை எண்ணுகிறவர்கள் காப்பி குடிப்பதில்லை போலும்.

சென்ற விடுமுறையில் சென்னை ஹோட்டலொன்றின் சாப்பாட்டு அறையில் நாம் கண்ட ஒரு காட்சியைச் சொல்லுகிறோம். தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, குழந்தைகள் இருவர். அந்த அம்மாள் முதலில் மாமியாருக்கு வெங்காயமில்லாத பண்டங்களைத் தேடி எடுத்து வந்தாள். பிறகு மாமனாருக்குச் சர்க்கரையில்லாத காப்பி. பிறகு சின்னக் குழந்தைக்குத் தோசை. அது காரமென்று அழவே, மறுபடி எழுந்து போய்த் தயிர். கணவர் கைபேசியைப் பார்த்தபடியே, பொங்கல் நன்றாயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் கொண்டுவா என்றார். அவள் தன் தட்டுக்கு வந்து அமரும்போது மற்றவர்கள் கைகழுவ எழுந்துவிட்டனர். அறை வாடகை கொடுத்து, வண்டி வாடகை கொடுத்து, வீட்டுப் பந்தியை அப்படியே ஹோட்டலுக்குத் தூக்கிவந்தாயிற்று! கணவர் கெட்ட மனிதரல்லர். வந்த செலவு முழுவதும் அவள் பொருட்டே என்று அவர் மனமார நம்பியிருப்பார். பஃபே என்பது ஒவ்வொருவரும் தாமே எழுந்து எடுத்துண்ணும் முறை என்பதை மட்டும் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

குடும்பத்தார் இழைக்கும் தவறு இப்படியிருக்க, வரி விதிக்கிறவர்கள் இழைப்பது இன்னொரு வகை. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 12-லிருந்து 5-ஆகக் குறைக்கப்பட்டது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அறையில் கொடுத்ததைச் சாப்பாட்டு மேஜையில் பிடுங்கிக்கொள்ளும் விதியொன்றும் உடனிருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் அமுலிலுள்ள முறைப்படி, ஒரு ஹோட்டல் முந்திய நிதி வருஷத்தில் ஏதேனும் ஓர் அறையை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால், அக்கட்டிடத்திலுள்ள போஜனசாலை உணவு முழுவதற்கும் வரி நூற்றுக்கு 18. எதிர்ச்சாரியிலுள்ள தனி ஹோட்டலில் அதே தோசைக்கு 5. ஆறாயிரம் ரூபாய் அறையில் தங்கிய குடும்பம், தான் கண்ணாலும் கண்டிராத ஒரு பெரிய அறையில் எவரோ என்றோ உறங்கினார் என்பதற்காகத் தனது தோசைக்கு அதிக வரி செலுத்துகிறது! 2,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஓரிடத்தில் 100 ரூபாய் வரி, மற்றோரிடத்தில் 360.

செலவைத் தாங்கும் ஹோட்டல் முதலாளிகளுக்காக நாம் வாதாடவில்லை. 18 வீதம் செலுத்துவோர் தாம் வாங்கும் பொருள்கள் மீதான வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை அவர்களுக்கு உண்டு. பில்லைக் கையில் வாங்குகிற குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. அந்தக் குடும்பம் என்ன செய்கிறது? முதல் நாள் இரவுப் பில்லைப் பார்த்ததும் கணவர் கணக்குப் போடுகிறார். மறுநாள் மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு வேண்டாமென்று தீர்மானமாகிறது. அடுத்த தடவை புறப்படும்போது பெட்டிக்குள் பருப்புப்பொடியும், ஊறுகாயும், ஒரு சிறிய மின்சாரக் குக்கரும் ஏறிவிடுகின்றன. குளியலறை வாயிலில் அரிசி களைந்து, அலமாரிப் பலகைமேல் அவள் சோறு வடிக்கிறாள். எதிலிருந்து இரண்டு நாள் விலகியிருக்க வந்தாளோ அது ஹோட்டல் அறைக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டது.

‘ஸர்வீஸ் சார்ஜ்’ என்று பில்லில் தானாகவே சேர்க்கும் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கட்டாயமாக வசூலிக்கலாகாதென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வெளியிட்ட விதிகளை, டில்லி ஹைக்கோர்ட்டின் தனி நீதிபதி 2025 மார்ச் 28-இல் உறுதி செய்தார். பரிமாறியவருக்கு மனமுவந்து ஏதேனும் கொடுப்பது நமது வழக்கந்தான். பண்டிகை நாளில் தன் வீட்டில் உண்ணாமல் பிறர் வீட்டாருக்குப் பரிமாறி நிற்கும் அந்த ஆளுக்குக் கொடுப்பதைக் கையிலேயே கொடுப்போம்.

ஹோட்டல் நடத்துகிறவர்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. பெரும்பாலான இடங்களில் பிற்பகல் 2 மணிக்கு அறை கொடுத்து மறுநாள் 12 மணிக்குள் காலி செய்யச் சொல்லுகிறார்கள்; ஒரு நாள் வாடகைக்கு 22 மணி நேரம். விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு வருவோருக்காவது இரண்டு மணி நேரம் கூட்டித் தரலாம். கிழவர்களும் குழந்தைகளும் உள்ள மேஜைக்குப் பலகாரத்தை ஆள் கொண்டுவந்து பரிமாறும்படி செய்யலாம். மேலே சொன்ன அம்மாளுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறொன்றில்லை. ஜி.எஸ்.டி. கவுன்ஸிலில் சென்னை ஸர்க்காரின் பிரதிநிதிக்கும் ஓர் ஆசனமிருக்கிறது. தங்கியிருப்பவர் எந்த அறையில் இருக்கிறாரோ அந்த அறை வாடகையைக் கொண்டே அவருடைய சாப்பாட்டு வரியையும் நிர்ணயிக்க வேண்டுமென்று அவர் அடுத்த கூட்டத்தில் பிரஸ்தாபிப்பாரென எதிர்பார்க்கிறோம். கோடை விடுமுறைக்குள் அது நடந்தால், பல வீடுகளில் அந்த மின்சாரக் குக்கர் பரண்மேலேயே இருக்கும்.