பென்சில் சீவிக்கொண்டிருந்த பையன்

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் அறுவடை என்றால் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் தவறாமல் வருவான். எழுதத்தான் மாட்டான். பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பான், விரல்நுனி அளவுக்குத் தேயும்வரை. ‘சோம்பேறி’ என்று நானே திட்டியிருக்கிறேன். அவன் அப்பா லாரியில் அடிபட்டு இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இருபது வருஷ வாத்தியாருக்கு இது வெட்கம்தான்.

அந்தப் பையன் மட்டுமல்ல. மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா என்றாலே நீட் தேர்வு பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் சிறுவயதிலேயே தாயை இழந்தவள், கூலித் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் எடுத்தவள். 2017 ஆகஸ்டில் நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிட்ட பிறகு, அவள் மனதை யார் பொறுப்பில் விட்டிருந்தோம்?

2023இல் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்குக்கு அவள் பெயரை வைத்தார்கள். சரி. மனநலத்துக்கு 104, 14416 என்று உதவி எண்களும் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பையன் யார் போனை வாங்கிக் கூப்பிடுவான்? ஆலோசகர்தான் பள்ளிக்கு வர வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது. ஆண்டு விழாவுக்கு விருந்தினராக அல்ல.